பிஸ்கட்டில் ஒரு குவார்ட்டர்

கள்ளக்குறிச்சியில் அண்மையில் பிறந்தநாள் கொண்டாடியவர்களில் பாதிப் பேருடைய பெயரையாவது கோகிலவாணி எழுதியிருப்பாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டுவாள், ஐசிங்கை அடைப்பாள், நுனியைக் கத்தரிப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதி முடிப்பாள். கரும்பு வெட்டப் போகிறவர் வீட்டுக் குழந்தைக்கு யாஷ்விதா என்று பெயர் வைத்திருக்கிற சங்கதி ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பெற்றவர்களே பெயரைத் தப்பாகச் சொன்னாலும் திருத்த மாட்டாள். சொன்னதை எழுதுவாள். கட்சிக்காரர்கள் வந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். தலைவர் பெயருக்கு முன்னால் போட வேண்டிய பட்டங்களுக்கே இரண்டு கிலோ கேக் போதாது.

அவள் கையெழுத்து முன்பு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கணவன் செத்த பிறகுதான் நன்றாயிற்று.

இதைப் பேக்கரி முதலாளி கண்டுபிடித்தார், ஆனால் வெளியே சொல்லவில்லை. முன்பெல்லாம் மாலை நேரத்தில் அவள் கை நடுங்கும். கணவன் கொளஞ்சியப்பன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வருவானா, குடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வருவானா என்று காது தெருவில் இருக்கும். அந்த நேரத்தில் எழுதிய கேக்குகளில் 'ஹேப்பி' என்பது கோணலாகத்தான் வந்தது. இப்போது யாரும் சுற்றிக்கொண்டு வருவதில்லை. கை நிற்கிறது.

அந்த ஜூன் மாதம் அவள் குடியிருக்கிற கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் கொத்தாகச் செத்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். கருணாபுரத்துக்காரர்களுக்குத்தான் டிவி பார்க்க நேரமில்லை, வீட்டில் பிணம் இருந்தது. கோகிலவாணியின் வாசலுக்கும் கேமரா வந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. கேமரா கொஞ்ச நேரம் மரியாதைக்குக் காத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே அழுதார்கள்.

பிறகும் அவள் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட ஈறு இருக்கிறதே, அப்படி இருந்தது அவளுக்கு. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். ஊசியின் வேகம் சாயந்திரத்துக்குள் இறங்கிவிடும் என்பார்களே, அது இறங்கவில்லை. தெருவில் அவளுக்குக் கல்லு என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை எழுதச் சொல்லி யாரும் கேக் வாங்கவில்லை என்பதோடு சரி.

அழ வேண்டியதை எல்லாம் கொளஞ்சியப்பனின் அக்கா அமிர்தம் அழுதாள், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து. மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். சொந்தத்தில் கொஞ்சம் நெல் நிலம், பிள்ளை இல்லை, தம்பி என்றால் உயிர். அவளுக்கும் கோகிலவாணிக்கும் சண்டை வந்தது அந்த வருஷத் தீபாவளியில்.

இந்தப் பக்கத்தில் பண்டிகை என்றால் முதலில் செத்தவர்களுக்குப் படையல். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் வைக்க வேண்டும். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, பீடி குடித்தவருக்குப் பீடிக்கட்டு, தண்ணி போட்டவருக்கு ஒரு குவார்ட்டர். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று கணக்கு. பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறந்து, அவர் விட்டுவைத்ததை உயிரோடு இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பாட்டிலும் பங்கில் சேர்த்தி.

அமிர்தம் மணலூர்பேட்டையிலிருந்து பையில் சுற்றி ஒரு குவார்ட்டர் கொண்டுவந்து இலையில் வைத்தாள். கோகிலவாணி அதை எடுத்து வாசலில் வைத்தாள். அமிர்தம் மறுபடி உள்ளே கொண்டுவந்தாள். அது மறுபடி வாசலுக்குப் போனது. பாட்டில் இப்படி நடந்துகொண்டிருக்க, அமிர்தம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இது கவர்மெண்டு கடை சரக்கு. சீல் கூட பிரிக்கல."

"அதுனாலதான அவரு பூட்டாரு, அண்ணி."

"அவன் செத்தது பாக்கெட்டால. பாட்டிலு இன்னா பண்ணுச்சி?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை. கோகிலவாணி பேக்கரியிலிருந்து கொண்டுவந்த வெண்ணெய் பிஸ்கட்டை இலையில் வைத்தாள். தம்பிக்குப் பிடித்ததைக்கூட வைக்காத வீட்டில், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒருத்தியிடம், தம்பி பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அமிர்தம் தெருவுக்கே கேட்டாள். தெருவும் அதே சந்தேகத்தில்தான் இருந்தது. அன்றைக்கே பிள்ளை செந்தமிழ்ச்செல்வியின் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு கிளம்பினாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள். பெற்றவள் வாயைத் திறந்து, எங்கூட இருடி என்று பிள்ளையைக் கேட்டுவிட்டால் தான் குறுக்கே நிற்கப்போவதில்லை. கேட்கிற வாய் இருந்தால் கேட்கட்டும்.

பேருந்து வருகிற வரைக்கும் நேரம் இருந்தது. கோகிலவாணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்து வந்தது.

அதிலிருந்து செல்வி மணலூர்பேட்டையில்தான் படிக்கிறாள். லீவு விட்டால் அம்மாவிடம் வருவாள், லீவு முடிந்தால் அத்தை வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஒரு அரையாண்டு, ஒரு முழு ஆண்டு, ஒரு காலாண்டு என்று இப்படி ஓடியது. இந்த அரையாண்டு லீவுக்கு விடும்போது அமிர்தம் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளையை ரேஷன் கார்டிலும் தன் வீட்டோடு சேர்த்துவிடப் போகிறாள். கேட்கிறதாக இருந்தால் இந்த லீவில் கேட்கட்டும், அப்புறம் கேட்டால் அவள் காதில் விழாது.

கோகிலவாணி கேட்கத்தான் நினைத்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது நினைப்பாள், வாயைத் திறந்தால் "பல்லு வெளக்குனியா" என்று வரும். சாயந்திரம் வந்ததும் நினைப்பாள், "சாப்டியா" என்று வரும். ஒருநாள் மிகவும் முயன்று, பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். "சொட்டர் எங்க, குளுருதுல்ல" என்று முடிந்தது. செல்வி எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். நான்காம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அம்மாவைப் போலவே முகத்தில் எதையும் எழுதி வைப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் தீனதயாளனுக்குப் பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச நேர்ந்தது.

தீனதயாளன் டைல்ஸ் கடைக்காரர், தானதர்மம் செய்கிற நகர நல்லிதய வட்டத்தின் தலைவர். மகள் அமெரிக்காவில். அங்கே பேரப்பிள்ளைகள் டிசம்பர் மாதத்தில் மாவை நட்சத்திரமாகவும் மரமாகவும் வெட்டி, பிஸ்கட் சுட்டு, மேலே கலர் கலராகச் சர்க்கரை தடவிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் செய்தால் துக்கத்தில் இருக்கிற குழந்தைகளுக்குக்கூட மனம் லேசாகிவிடும் என்று மகள் சொன்னாள். தீனதயாளனுக்கு உடனே கருணாபுரம் ஞாபகம் வந்தது. அங்கே அம்மா வேலைக்குப் போன வீடுகளில் பெண்பிள்ளைகள் சாயந்திரமானால் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் மனம் லேசானதாகத் தகவல் இல்லை. ஒருவேளை சர்க்கரை போடாததால் இருக்கலாம்.

அச்சுகளை ஆன்லைனில் வரவழைத்தார். பேக்கரியின் பின்பக்கக் கொட்டகையை ஒருநாளைக்குப் பேசி வாங்கினார். பேனர் அடிக்கும்போதுதான் சிக்கல் வந்தது. கிறிஸ்துமஸ் என்று போட்டால் வட்டத்தில் சிலருக்கு மனசு கஷ்டப்படும், புத்தாண்டு என்று போட்டால் வேறு சிலர் அது நம்முடைய புத்தாண்டே இல்லை என்பார்கள், பொங்கல் என்று போடலாம் என்றால் கரும்பு இன்னும் வயலில் நிற்கிறது. கடைசியில் யாருக்கும் கோபம் வராமல் 'பண்டிகைப் பலகாரத் திருவிழா' என்று போட்டார்கள். எந்தப் பண்டிகை என்று போடவில்லை. இந்தப் பேனர்தான் பிறகு காலை வாரிவிட்டது.

அடுப்புக்குப் பொறுப்பு வேடியப்பன் மாஸ்டர். வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், கல்வராயன் மலையிலிருந்து சின்ன வயதில் இறங்கிவந்து இந்த அடுப்பங்கரையிலேயே மீசை நரைத்தவர். அதிகம் பேசமாட்டார். ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் பழைய குவார்ட்டர் பாட்டிலில் மலைத்தேன் அடைத்துக்கொண்டு வருவார். மலையில் தேன் அளக்கிறது அதில்தான். அந்த ஜூனுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்குகிற பைகளையெல்லாம் சாராயம் இருக்கிறதா என்று போலீஸ்காரர்கள் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து காட்டுவார், அவர்கள் மோந்து பார்ப்பார்கள், கொஞ்சம் நக்கியும் பார்ப்பார்கள். பாட்டில் கள்ளக்குறிச்சி வந்து சேரும்போது தேன் கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும்.

திருவிழா அன்று காலையில் பிள்ளைகள் வந்தார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, சிலர் தீபாவளிச் சட்டையில். அப்பா இல்லாதவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், போட்டோவுக்கு அதுதான் வசதி என்று தீனதயாளன் அறிவித்தார். முன்வரிசைக்கு மாவு முதலில் வரும் என்பது தெரிந்ததும் ஒரு பையன் தனக்கும் அப்பா இல்லை என்று சொல்லி முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுடைய அப்பா வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்டதற்கு, பரவாயில்லை, உட்காரட்டும் என்றார்.

செல்வி முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். கோகிலவாணி ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவள் அன்றைக்கு வேலையாள். வட்டத்துக்காரர்கள் யாருக்கும் அவள் யாரென்று தெரியாது, அவளும் சொல்லவில்லை.

மைதாவும் வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும் போட்டு மாஸ்டர் பிசைந்து வைத்திருந்த மாவைப் பிள்ளைகள் உருட்டித் தேய்த்து வெட்டினார்கள். நட்சத்திரம் யாருக்கும் சிரமமாக இல்லை. கொம்பு வைத்த மான் ஆடாகிவிட்டது. பனி மனிதன் என்று ஒரு அச்சு இருந்தது. ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். அதை ஒரு பெண் தண்ணிக் குடத்தின் மேல் வைத்த சொம்பு என்றாள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பனி விழுகிற ஊரைப் பற்றி தீனதயாளன் விளக்கினார். இங்கேயும்தான் மார்கழியில் பனி விழுகிறது, அதில் யாரும் மனிதன் செய்வதில்லை என்று பதில் வந்தது.

செல்வி அச்சு எதையும் தொடவில்லை. மாவை ஒரு கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி ட்ரேயை எடுக்க வந்தபோது பார்த்தாள். கீழே அகலம், தோள், அப்புறம் கழுத்து, உச்சியில் மூடி. ஓரங்களை ஈரவிரலால் தடவிச் சமப்படுத்தியிருந்தாள். குவார்ட்டர் பாட்டில், சந்தேகமே வேண்டாம்.

"இன்னா இது?" என்றாள் கோகிலவாணி.

"அப்பாவுக்கு." செல்வி தலையைத் தூக்கவில்லை. "அத்தை வெக்கணும்ன்றாங்க. நீ கூடாதுன்ற. இதுல சாராயம் இல்லியே."

பின்னால் மாஸ்டர் வந்து நின்றிருந்தார். குனிந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு கோகிலவாணியிடம், வேறு எந்த பிஸ்கட்டைப் பற்றியும் சொல்வது போலவே சொன்னார். "கழுத்து மெலிசா இருக்கு தங்கச்சி. நடுவுல வெச்சா கருகிப்பூடும். ஓரமா வெச்சி சுடறேன்."

சுட்டுக் கொண்டுவந்தார். கழுத்து ஒடியவில்லை. ஆறியதும் ஐசிங் ஆரம்பமானது. பிள்ளைகளுக்கு யார் என்ன சொன்னார்களோ, சொல்லாமலேயே புரிந்ததோ, எல்லாரும் அவரவர் அப்பாவை வரைய ஆரம்பித்தார்கள், நட்சத்திரத்துக்கெல்லாம் நீலக் கட்டம் போட்ட லுங்கி வந்தது. ஒரு ஆட்டுக்கு வாயில் பீடி. குடம் சொம்பு மனிதனுக்குத் தலைப்பாகையும் தோளில் மூட்டையும். தீனதயாளன் கைப்பேசியில் மகளுக்குக் காட்டினார். மிகவும் நாட்டுப்புறத்தன்மையாக இருக்கிறது என்று மகள் பாராட்டினாள்.

செல்வி பழுப்பு நிறம் கேட்டாள். கோகிலவாணி ஐசிங்கில் கோகோ பவுடர் கலந்து கொடுத்தாள். பாட்டில் பாதி வரைக்கும் பழுப்பானது, நடுவில் வெள்ளையாக லேபிள். லேபிளில் அப்பா பெயரை எழுதச் சொல்லிப் பிள்ளை பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளியது. கோகிலவாணி கூம்பை எடுத்து, நுனியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்தாள். ஊரில் எல்லார் பெயரையும் எழுதியிருக்கிறாள். கூம்பு பிஸ்கட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

"எடம் பத்தாது" என்று கீழே வைத்தாள்.

செல்வி விரலை வைத்து அளந்து பார்த்தாள். கொளஞ்சியப்பன் என்பது பெரிய பெயர்தான். சரி என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் போட்டோ. எல்லாரும் தங்கள் பிஸ்கட்டை எடுத்து ஒரு கடி கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்றார் தீனதயாளன். யாரும் கடிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து அவர் மறுபடி சொன்னார். பிள்ளைகள் பிஸ்கட்டை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்கள். கசக்கிறதா என்று சந்தேகப்பட்டு வட்டத்துச் செயலாளர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, பண்டிகைப் பலகாரத்தைப் படைக்காமல் சாப்பிடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்றாள். பேனரில் அப்படித்தானே போட்டிருந்தது. கல்யாணப் பலகாரம் என்று போட்டிருந்தால் ட்ரேயே காலியாகியிருக்கும்.

தீனதயாளன் பேனரைத் திரும்பிப் பார்த்தார். திரும்புகிற வழியில் அவர் கண்ணில் பாட்டில் பட்டது.

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கருணாபுரத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து நல்லிதய வட்டம் குவார்ட்டர் செய்யச் சொல்லிக்கொடுத்தது என்று யாராவது கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது அவர் முகத்தில் வரிசையாக ஓடியது. பிஸ்கட்டை எடுத்து உடைக்கக் கையை நீட்டினார். செல்வி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யார் பொண்ணும்மா இது?" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"என் பொண்ணு சார்."

சொன்னது தன் வாய்தான் என்பது கோகிலவாணிக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பின்னால் நின்றாள். செல்வி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தீனதயாளன் அந்த பிஸ்கட்டை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கோகிலவாணி கொடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"அது தேன் பாட்டிலு சார்" என்றார் மாஸ்டர் அடுப்புப் பக்கத்திலிருந்து. "மலைத்தேன். எங்க ஊர்ல இதுலதான் அளப்பாங்க. புள்ள என்னாண்ட பாத்துக்கீது."

தீனதயாளனுக்கு உயிர் வந்தது. நல்ல தேன் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார், மாஸ்டர் அடுத்த முறை கொண்டுவருவதாக ஒத்துக்கொண்டார். பிஸ்கட்டைக் கடிக்கிற போட்டோவை வட்டத்து உறுப்பினர்களே கடித்துக்கொண்டு எடுத்தார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று கைதட்டினார்கள். வட்டத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் மறுநாள் வந்த படங்களில் செல்வியின் பாட்டிலும் இருந்தது, கீழே 'இயற்கை உணவின் பெருமையை எடுத்துச் சொல்லும் சிறுமி' என்று எழுதியிருந்தது. அதற்கு நிறையப் பேர் கைகூப்பினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கோகிலவாணி கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். வழி முழுக்க நினைத்தாள். "செருப்ப இழுத்து நடக்காத" என்றாள்.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அமிர்தம் வந்தாள், காலியான பெரிய பையோடு. உள்ளே நுழைந்ததும் தம்பி படத்தைப் பார்த்தாள், அதன் கீழே போட்டிருந்த இலையைப் பார்த்தாள். அத்தை வருகிறவரைக்கும் படைக்கக் கூடாது என்று செல்வி சொல்லியிருந்தாள், அதனால் பிஸ்கட் இத்தனை நாளும் பேக்கரி டப்பாவில் இருந்தது. இப்போது இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, பக்கத்தில் பாட்டில்.

அமிர்தம் முதலில் கோபப்படுவதற்குத் தயாரானாள். குனிந்து பார்த்தாள். கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். வெனிலா வாசம் வந்தது.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அத்தை. மாஸ்டரு சுட்டாரு. அம்மா கலர் கலக்கிக் குடுத்துச்சி."

அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, அதற்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை. கோகிலவாணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அமிர்தம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலைத் தானே இலையில் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே செத்தவர் சாப்பிடுகிற நேரத்தில் வெளியே நிற்பவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. துவைக்க முடியாது, சமைக்க முடியாது, வீட்டுக்குள் போக முடியாது, சத்தமாகப் பேசவும் கூடாது. பல்லு வெளக்கியாயிற்று. சொட்டர் போட்டாயிற்று. சாப்டியா என்று கேட்க முடியாது, சோறு உள்ளே இருக்கிறது. கோகிலவாணி தெருவைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

"இங்கியே இருக்கியா?"

பேருந்து வந்துவிட்டதா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. அமிர்தம் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை.

செல்வி தன் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"நீ ஆறு மணிக்கே வேலைக்குப் பூடுவ. யாரு ஜடை பின்னுவாங்க?"

"அஞ்சு மணிக்கு எழுப்பி பின்னிட்டுப் போறேன்."

"அவ்ளோ சீக்கிரம் எந்திரிக்கமாட்டேன்."

"தூங்கு. தூங்கும்போதே பின்னுறேன்."

செல்வி இதை யோசித்தாள். நடக்கிற காரியமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, தன்னுடைய நீலப் பாவாடையும் ஸ்கூல் பையும் மணலூர்பேட்டையில் இருக்கின்றன, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றாள். பூனைக்குட்டியை எடுத்துவர வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், மாமாவுக்குத் துணையாக.

அமிர்தம் தலையை ஆட்டினாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்று காட்டிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கேட்டுட்டா பாரு" என்றாள் கடைசியில், எதிர்வீட்டுக் கூரையிடம். "இதக் கேக்க இவ்ளோ நாளா?"

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். சாப்பிட்டார்கள். பாட்டிலை அமிர்தம் மூன்றாக உடைத்தாள். இத்தனை நாள் டப்பாவில் இருந்ததால் கொஞ்சம் நமுத்துப் போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சாயந்திரம் அமிர்தம் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. தம்பி மகளுக்கு முடி அதிகம், நடுவகிடு எடுத்துப் பின்ன வேண்டும், இழுத்தால் கத்துவாள் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து டிவி சத்தத்தை ஏற்றியது, குறைக்கச் சொன்னதும் குறைத்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏற்றியது. அவள் அரிசி டப்பாவைத் திறந்து ராத்திரிக்கு உலை வைத்தாள்.